ஜெர்மனி விசா கையில் வந்த பிறகு செய்ய வேண்டியவை

தேனி மாவட்டத்தில் பழனிசெட்டிபட்டியிலோ சின்னமனூரிலோ ஒரு வீட்டுப் பிள்ளைக்கு ஜெர்மனி விசா வந்துவிட்டால், வீடே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. அதற்குள் எவ்வளவோ நடந்து முடிந்திருக்கும். 2022 நவம்பரில் இருந்து இந்திய மாணவர்களுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்ட்டில் ஓராண்டுச் செலவுக்கென்று 11,904 யூரோ கட்டியாக வேண்டும். நம் பணத்தில் ஏறத்தாழ 12 லட்சம். அதற்காக வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போயிருக்கும், ஏலக்காய்த் தோட்டத்தின் மேல் கடன் ஏறியிருக்கும். இவ்வளவுக்கும் பிறகு, "விசாதான் குடுத்துட்டாங்களே, இனி படிச்சு முடிக்க வேண்டியதுதான்" என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. ஆனால் அந்த விசா படிப்பு முடியும்வரை அங்கே இருப்பதற்கான உரிமை அல்ல.

பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்த நாளில் இருந்து எந்த நாள் வரை என்று இரண்டு தேதிகள் இருக்கும். படிப்பு இரண்டு ஆண்டாக இருந்தாலும், விசா பெரும்பாலும் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ, சில சமயம் ஓராண்டுக்கோதான். அந்த இரண்டாவது தேதிக்குள், படிக்கும் ஊரில் உள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் மாணவர் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தாக வேண்டும். ஜெர்மனியின் குடியிருப்புச் சட்டத்தில் 16பி பிரிவின் கீழ் தருகிற அந்த அட்டைதான் அங்கே தொடர்ந்து இருப்பதற்கான உரிமை. அந்தத் தேதியை விமான டிக்கெட் தேதியோடு சேர்த்து வீட்டுக் காலண்டரிலும் குறித்துவையுங்கள். புது ஊரில் முதல் செமஸ்டர் ஓட்டத்தில் பிள்ளை மறந்தாலும், போனில் ஞாபகப்படுத்த இங்கே ஒருவர் இருக்க வேண்டும்.

விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு படி உண்டு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும்; அங்கே அதை ஆன்மெல்டுங் என்கிறார்கள். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் இல்லாமல் அது நடக்காது. நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். தெரிந்த அண்ணன் அறையில் ஒண்டிக்கொள்ளலாம் என்று போவார்கள். அந்த அறையின் உரிமையாளரோ கையெழுத்துப் போட மறுப்பார். உடனே, முகவரியை மட்டும் காசுக்கு விற்கும் ஆட்கள் வாட்ஸ்அப் குழுக்களில் முளைப்பார்கள். குடியிருக்காத இடத்துக்குப் பொய்யாக முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்க ஜெர்மன் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தப் பொய் முகவரியின் மேல் கட்டிய ஒவ்வொரு காகிதமும் பின்னால் பிள்ளைக்கு எதிராகவே நிற்கும். ஊரில் இருந்து கிளம்புவதற்கு முன்பே, பதிவுக்கு ஒப்புக்கொள்ளும் அறையைத் தேடிவிடுங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

பெரிய நகரங்களில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. "அப்பாயின்ட்மென்ட் கெடைக்கல, விசா முடியப்போகுது, என்னப்பா செய்றது?" என்று நள்ளிரவில் வீட்டுக்கு போன் வந்தால் பதறாதீர்கள். குடியிருப்புச் சட்டத்தின் 81ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. பழைய அனுமதி தீரும் முன்பே விண்ணப்பம் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதியே தொடர்வதாகச் சட்டம் கருதுகிறது. அதற்கு அத்தாட்சியாக அலுவலகம் ஒரு சான்று தரும். ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் என்ற அந்தச் சான்றை மாணவர்கள் பேச்சுவாக்கில் 'ஃபிக்ஷன்' என்பார்கள்.

எனவே நேரில் போகும் நாள் எப்போது கிடைக்கிறது என்பதைவிட, விண்ணப்பம் எப்போது போய்ச் சேர்ந்தது என்பதே முக்கியம். அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வழி இருந்தால் அதில், இல்லாவிட்டால் பதிவுத் தபாலில், கூடவே மின்னஞ்சலில், தேதி தெரிகிற மாதிரி அனுப்ப வேண்டும். "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்று வரும் தானியங்கி பதிலைக்கூட அழிக்காமல் பி.டி.எஃப். ஆக்கி வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்கும் தரகர் இதற்குத் தேவையே இல்லை. தேதி தவறிப் போனாலும் உடனே விண்ணப்பித்து, தவறியதற்கான காரணத்தை எழுத்தில் சொன்னால், பெரிய பாதிப்பைத் தவிர்க்க அலுவலகம் மனது வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அது அலுவலகத்தின் விருப்பம், நம் உரிமை அல்ல. முடிவுக்குக் காத்திருக்கும் இடைக்காலத்தில் பொங்கலுக்கு ஊருக்கு வர நினைத்தால், கையில் இருக்கும் சான்று திரும்ப உள்ளே நுழைய அனுமதிக்கிற வகையா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். எல்லா வகைக்கும் அந்த அனுமதி கிடையாது.

 

இனி பணம். பிளாக்டு அக்கவுண்ட்டை விசாவுக்கான கணக்குக் காட்டல் என்று மட்டும் எண்ணி, "ஒரு மாசத்துக்கு நாங்க போட்டுக் காட்டுறோம், வட்டி மட்டும் குடுங்க" என்று சொல்லும் ஏஜென்சிகள் இருக்கின்றன. வேண்டவே வேண்டாம். அட்டையைப் புதுப்பிக்கப் போகும்போது அடுத்த ஆண்டு எதைக் கொண்டு சாப்பிடுவாய் என்று அலுவலகம் மறுபடி கேட்கும். புதிய பிளாக்டு அக்கவுண்ட், சம்பளச் சீட்டு, அல்லது அங்கே வசிக்கும் ஒருவர் சட்டப்படி தரும் பொறுப்புறுதி என்று ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும். ஒரே ஓர் ஆண்டுக்குக் கணக்குப் போட்டுக் கடன் வாங்கிய குடும்பங்கள் இரண்டாம் ஆண்டில் திணறுவதற்கு இதுதான் காரணம். போலி வங்கிக் கணக்கு அறிக்கையோ போலிக் காப்பீடோ கொடுத்துவிட்டால், அது ஜெர்மன் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம். தயாரித்துக் கொடுத்தது ஏஜென்சிதான் என்றாலும் கையெழுத்து பிள்ளையுடையது.

பகுதிநேர வேலைக்கு 2024 மார்ச்சில் இருந்து ஆண்டுக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் என்று வரம்பு. உணவு டெலிவரி போன்ற வேலையில் ஊழியராகச் சேர்க்காமல் சுயதொழில் ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்டால் நிற்க வேண்டும்; மாணவர் அனுமதியில் சுயதொழிலுக்குத் தனி அனுமதி தேவை.

2025இல் பெர்லினில் நடந்தது ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்திருக்க வேண்டியது. தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் பெருந்தொகை கட்டிச் சேர்ந்த இந்திய மாணவர்கள் சிலரிடம், உங்கள் படிப்பு பெரும்பாலும் இணையவழியில் நடப்பதால் நீங்கள் ஜெர்மனியில் இருக்க வேண்டிய அவசியமில்லை என்று குடிவரவு அலுவலகம் வெளியேறச் சொன்னது. சேர்க்கைக் கடிதம் போலி அல்ல, பல்கலைக்கழகமும் போலி அல்ல. ஆகவே பணம் கட்டும் முன், வாரத்தில் எத்தனை வகுப்பு நேரில் நடக்கும், எந்த வளாகத்தில் நடக்கும் என்று பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்சியின் வாய்வார்த்தை எங்கும் செல்லாது. பல்கலைக்கழகத்தின் தவறால் மாணவரின் அனுமதி ரத்தாகும் நிலை வந்தால், வேறு பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டு விண்ணப்பிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே 16பி பிரிவு சொல்கிறது. இது தெரியாமலே பெட்டியைக் கட்டிவிடக் கூடாது.

அனுமதி மறுத்துக் கடிதம் வந்தால் அதன் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். எங்கே, எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்று அங்கே எழுதியிருக்கும். பொதுவாக ஒரு மாதம். சில மாநிலங்களில் அதே அலுவலகத்தில் ஆட்சேபம் தரலாம், சில மாநிலங்களில் நேரே நிர்வாக நீதிமன்றம். அந்தப் பத்தியே இல்லாவிட்டால் கெடு ஓராண்டாக நீள்கிறது. ஆட்சேபம் கொடுத்துவிட்டோமே என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. வெளியேற்றத்தை நிறுத்திவைக்க நீதிமன்றத்தில் தனி மனு போட வேண்டும். விண்ணப்பம் போட்டு மூன்று மாதம் ஆகியும் தக்க காரணமின்றிப் பதிலே இல்லை என்றால், அதற்கும் வழக்குப் போடலாம். பல பல்கலைக்கழகங்களில் மாணவர் பேரவை இலவசச் சட்ட ஆலோசனை தருகிறது. முதலில் போக வேண்டிய இடம் அது.

ஊரில் இருக்கும்போதே விசா மறுக்கப்பட்டால், முன்பு ஜெர்மன் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழி மூடப்பட்டுவிட்டது. இப்போது உள்ள வழி பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு, அல்லது குறையைச் சரிசெய்து புதிய விண்ணப்பம். மறுபரிசீலனைக்கு எழுதித் தருகிறோம் என்று இன்னும் யாராவது கட்டணம் கேட்டால் ஏமாறாதீர்கள்.

வேலைக்கு ஆள் அனுப்பும் முகவருக்கு 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு கட்டாயம். படிப்புக்கு அனுப்புகிறோம் என்று பலகை மாட்டிய கன்சல்டன்சிக்கு அந்தப் பதிவு தேவைப்படுவதில்லை. அதனால் ரசீதும் ஒப்பந்தமும்தான் நம் ஆயுதம். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களை ஏஜென்சியிடம் விட்டுவைக்காதீர்கள். விண்ணப்பத்தில் தரும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் பிள்ளையின் கையில் இருக்கட்டும்; ஏஜென்சி மின்னஞ்சலைப் போட்டுவிட்டால், அலுவலகம் கேட்கும் கேள்வி யாரும் பார்க்காமல் அங்கேயே கிடக்கும்.

சொன்ன சேவையைச் செய்யாமல் பணத்தைப் பிடித்துக்கொண்டால், கன்சல்டன்சி சென்னையில் இருந்தாலும் கோவையில் இருந்தாலும் நீங்கள் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புகார்தாரர் வசிக்கும் ஊரில் வழக்கிட அனுமதிக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். போலி ஆவணம், மோசடி என்றால் காவல்துறை. ஆன்லைனில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930. வழக்கறிஞருக்குச் செலவழிக்க முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவியைக் கேட்கலாம். பிள்ளை அங்கே சிக்கலில் இருந்தால் வெளியுறவுத் துறையின் மதத் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பெர்லினில் உள்ள இந்தியத் தூதரகமும் மியூனிக், பிராங்க்பர்ட், ஹாம்பர்க் துணைத் தூதரகங்களும் அதில் வரும் முறையீட்டைப் பார்க்கின்றன. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் வெளிநாட்டில் படிக்கும் மாணவர்களுக்கு உதவுகிறது. இங்கிருந்து அழைக்கக் கட்டணமில்லா எண் 1800 309 3793.