பெட்டிக்கு அடியில் இருந்த எழுத்துகள்

லினக்ஸில் கோப்புகளைக் கையாள 'மிட்நைட் கமாண்டர்' என்றொரு பழைய செயலி உண்டு. நீலத் திரையில் இடமும் வலமுமாக இரண்டு பட்டியல்கள். படம் கிடையாது, எல்லாமே எழுத்துதான். ஒரு கோப்பின் மேல் நின்று எஃப்5 விசையைத் தட்டினால் பட்டியலுக்கு நடுவே சாம்பல் நிறப் பெட்டி ஒன்று எழும்பி, எங்கே நகலெடுப்பது என்று கேட்கும். வேண்டாமென்று எஸ்கேப்பைத் தட்டினால் பெட்டி மறைந்துவிடும். அது மூடியிருந்த கோப்புப் பெயர்கள் ஓரெழுத்தும் பிசகாமல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மேசையில் கிடந்த கடிதத்தின் மேல் ஒரு தாளை வைத்து எடுத்ததுபோல் தோன்றுவதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கோ இது கணினியின் அழகான வித்தைகளில் ஒன்று. ஏனென்றால் அந்தத் திரைக்கு அடி என்று ஒன்றே கிடையாது.

நம் ஊர்ச் சுவர்களில் சுவரொட்டியின் மேல் சுவரொட்டி ஒட்டுவார்கள். மேலே உள்ளதைக் கிழித்தால் போன மாதத்துச் சினிமா எட்டிப் பார்க்கும். இத்தகைய செயலிகள் ஓடும் எழுத்துத் திரையான டெர்மினல் அப்படிப்பட்ட சுவர் அல்ல, அது சிலேட்டு. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978-இல் கொண்டுவந்த விடி100 டெர்மினலில் ஒரு வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 24 வரி. ஆக 1,920 கட்டங்கள். ஒரு கட்டத்தில் ஓர் எழுத்துதான் இருக்கலாம். அங்கே இன்னோர் எழுத்து வந்தால் பழையது அழிந்தது அழிந்ததுதான். இன்று நம் மடிக்கணினியில் திறக்கும் டெர்மினல் சாளரமும் பெரும்பாலும் அந்த விடி100-இன் மொழியைத்தான் பேசுகிறது. செயலி அதற்குப் பைட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பலாம்: கர்சரை இந்த வரியில் இந்த இடத்தில் வை, இந்த எழுத்தைப் போடு, இந்த வரியை அழி. ஆனால் 'இந்தக் கட்டத்தில் இப்போது என்ன எழுத்து இருக்கிறது?' என்று திருப்பிக் கேட்க விடி100-இன் மொழியில் சொல்லே இல்லை.

அப்படியானால் பெட்டி மறைந்ததும் அந்தக் கோப்புப் பெயர்களைத் திருப்பித் தந்தது யார்?

பதிலுக்குப் போகுமுன் தொலைபேசிக் கம்பியின் வேகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும், கதையின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1970-களில் வீட்டிலிருந்து தொலைபேசி வழியாகப் பல்கலைக்கழகக் கணினியோடு பேசியவர்களுக்கு 300 பாட் மோடம்தான் கிடைத்தது. நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள். 1,920 கட்டங்களையும் நிரப்ப 64 நொடிகள்! ஒரு சின்னப் பெட்டியை மூடிய குற்றத்துக்கு முழுத் திரையையும் திரும்ப எழுதினால், பயனர் ஒரு நிமிடத்துக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் பெர்க்கிலியில் பில் ஜாய் 'விஐ' என்ற எடிட்டரை எழுதியது இந்த நெருக்கடிக்குள்தான். ஒவ்வொரு பைட்டையும் எண்ணி எண்ணிச் செலவழித்த எடிட்டர் அது. அதே பெர்க்கிலியில் கென் ஆர்னால்ட், விஐக்குள் இருந்த அந்தச் சிக்கன வித்தையை 1980 வாக்கில் தனியே பிரித்தெடுத்து, எந்தச் செயலியும் பயன்படுத்தக்கூடிய நிரல் நூலகமாக்கினார். அதன் பெயர் 'கர்ஸஸ்'. கர்சர் என்ற சொல்லை வைத்து விளையாடிய பெயர். எழுத்துகளாலேயே நிலவறைகளை வரைந்து காட்டிய 'ரோக்' விளையாட்டு அதன்மேல் நின்றுதான் புகழ்பெற்றது.

கர்ஸஸ் செய்த காரியம் இதுதான். திரையைக் கேட்க முடியாது. சரி, திரையில் என்ன இருக்கிறது என்பதை நாமே நினைவில் வைத்துக்கொள்வோம். கணினியின் நினைவகத்தில் அது இரண்டு அட்டவணைகளை வைத்திருக்கிறது. ஒன்று, திரையில் இப்போது இருப்பதாக அது நம்புவது. மற்றொன்று, திரையில் இருக்க வேண்டியது. செயலி எழுதுவதெல்லாம் இரண்டாவதற்குப் போகும். 'சரி, காட்டு' என்ற கட்டளை வந்ததும் இரண்டையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டு, வேறுபட்ட கட்டங்களுக்கு மட்டும் பைட்டுகள் கிளம்பும்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 5-ஆம் வரியில் 12-ஆம் கட்டத்துக்குக் கர்சரைக் கொண்டுபோகும் கட்டளை எஸ்கேப் குறியோடு சேர்த்து 7 பைட். கர்சர் ஏற்கெனவே அதே வரியில் 9-ஆம் கட்டத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 9, 10, 11-இல் உள்ள எழுத்துகள் மாறவில்லை. கட்டளை அனுப்புவதற்குப் பதில் அந்த மூன்று எழுத்துகளையே இன்னொரு முறை எழுதினால் கர்சர் தானாக 12-க்கு வந்து நிற்கும். செலவு 3 பைட்தான். மாறாத எழுத்தை எழுதுவதுதான் இங்கே சிக்கனம். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கர்ஸஸ் ஒவ்வோர் அடியையும் எடுத்து வைக்கிறது.

இப்போது சாளரங்களுக்கு வருவோம். கர்ஸஸில் சாளரம் என்பது இன்னொரு சின்ன அட்டவணை; அவ்வளவே. தன் அகலம், உயரம், திரையில் தான் அமர வேண்டிய இடம், தன் எழுத்துகள் எல்லாவற்றையும் அது வைத்திருக்கும். கூடவே ஒவ்வொரு வரியிலும் எந்தக் கட்டம் முதல் எந்தக் கட்டம் வரை மாறியது என்ற குறிப்பும் இருக்கும். புதுப்பிக்கச் சொன்னால் மாறிய பகுதியை மட்டும் 'இருக்க வேண்டியது' அட்டவணைக்குள் கொட்டும்.

சாளரங்கள் பக்கம் பக்கமாக இருக்கும்வரை சிக்கலே இல்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறும்போதுதான் வரும். கீழே 'அ' என்ற பட்டியல். அதன் ஒரு மூலையை மறைத்தபடி 'ஆ' என்ற பெட்டி. பட்டியலில் மறைந்திருக்கும் ஒரு வரி மாறுகிறது, 'அ' தன்னைப் புதுப்பிக்கிறது. தன்மேல் யாரோ உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியாது. மாறிய வரியை அப்படியே கொட்டும். அது பெட்டியைக் குறுக்கே கிழித்துக்கொண்டு மேலே வந்து நிற்கும். இது முதல் விபத்து. இரண்டாவது இதற்கு நேர்மாறு. பெட்டியை மூடிவிட்டோம், 'அ'வைப் புதுப்பிக்கச் சொல்கிறோம். அது தன் குறிப்பைப் பார்க்கிறது: என்னிடம் எதுவும் மாறவில்லையே! எதையும் கொட்டாது. செத்துப்போன பெட்டி திரையில் பேயாக நிற்கும். டெர்மினல் நிரல் எழுதப் பழகும் எவரும் இந்த இரண்டையும் முதல் வாரத்திலேயே சந்தித்துவிடுவார்கள்.

பழைய மருந்து ஒன்று இருந்தது. 'டச்வின்' என்ற கட்டளை ஒரு சாளரத்தின் எல்லா வரிகளும் மாறிவிட்டதாகக் குறித்துவிடும். கீழிருந்து மேலாக எல்லாச் சாளரங்களையும் இப்படித் தொட்டு, அதே வரிசையில் புதுப்பித்தால் படம் சரியாகிவிடும். ஓவியர் முதலில் வானம், பிறகு மலை, பிறகு மரம் என்று தீட்டுவதுபோல. பின்னால் தீட்டியது முன்னால் தீட்டியதை மூடும். இத்தனையும் திரும்ப எழுதினால் மோடம் தாங்குமா என்று தோன்றும். தாங்கும். இந்தத் தீட்டல் முழுவதும் நினைவகத்துக்குள் நடக்கிறது. கடைசியில் 'காட்டு' என்ற கட்டளை வரும்போது, இரண்டு அட்டவணைக்கும் இடையே உண்மையில் வேறுபட்ட கட்டங்கள் மட்டுமே கம்பி வழியாகப் போகும். உள்ளே ஆயிரம் கட்டம் புரண்டாலும் வெளியே பத்து எழுத்துதான் போகலாம்.

ஆனால் யார் யாருக்கு மேலே என்ற வரிசையை நிரலாளர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது. மூன்று சாளரத்துக்குச் சரி. பத்துச் சாளரம் திறந்து மூடி இடம் மாறும் செயலியில் அது பெரும் தலைவலி. அந்தச் சுமையை இறக்கி வைத்தது 'பேனல்' என்ற சின்ன நூலகம். 1980-களில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸோடு வந்தது. அதே வேலையைச் செய்யும் இலவச வடிவத்தை வாரன் டக்கர் எழுதினார். 1993-இல் வெளியான 'என்கர்ஸஸ்' நூலகத்தோடு அது சேர்ந்துகொண்டது. இன்று லினக்ஸில் இருப்பது அதன் வழிவந்ததுதான்.

பேனல் என்பது ஒரு சாளரமும் இரண்டு கைகளும். ஒரு கை தனக்கு மேலே உள்ளவரைப் பிடித்திருக்கும், இன்னொன்று கீழே உள்ளவரை. எல்லாவற்றுக்கும் அடியில், யாரும் தூக்க முடியாத தரையாக முழுத்திரைச் சாளரம் கிடக்கும். ஒன்றை உச்சிக்குக் கொண்டுவர அதன் கைகளை விடுவித்து மேலே கோத்துவிட்டால் போதும். எழுத்து ஒன்றையும் நகர்த்த வேண்டாம். புதுப்பிக்கும் கட்டளை வந்ததும் பேனல் நூலகம் அடியிலிருந்து தொடங்கும். ஒவ்வொன்றிலும் மாறிய வரிகளைப் பார்த்து, அந்த வரிகளின் மேல் வேறெந்தப் பேனல் படிகிறதோ அதில் அந்த வரிகளுக்கு மட்டும் 'மாறிவிட்டது' என்று குறி வைக்கும். முன்னே சொன்ன டச்வின் எல்லாவற்றையும் தட்டி எழுப்பியது. இது வேண்டியவரை மட்டும் தோளைத் தொட்டு எழுப்புகிறது. பிறகு கீழிருந்து மேலாகத் தீட்டல். ஒரு பெட்டியை மறைத்தால் அது மூடியிருந்த வரிகளெல்லாம் குறி பெறும், அதனால் பேய் நிற்காது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கண்ணி மிச்சமிருக்கிறது. பயனர் தட்டும் விசையைப் படிக்கும் கட்டளை ஒன்று உண்டு. அது விசைக்காகக் காத்திருக்குமுன், தன் சாளரம் மாறியிருந்தால் சத்தமில்லாமல் அதைப் புதுப்பித்துவிடும், பேனலைக் கேட்காமலே. தரைச் சாளரத்தில் ஏதோ எழுதிவிட்டு அதன் வழியாகவே விசையைப் படித்தால், மேலே இருந்த பெட்டியைத் துளைத்துக்கொண்டு தரை எழும்பும். இந்தப் பிழையைத் தேடி மணிக்கணக்கில் கண்விழித்தவர்களை எனக்குத் தெரியும். படிக்கத்தானே சொன்னோம், அது எப்படி எழுதும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

டாஸ் காலத்துத் தனிக்கணினிகளில் வேறு சுகம் இருந்தது. அங்கே கம்பி இல்லை. திரையே நினைவகத்தின் ஒரு பகுதி. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பைட், ஒன்று எழுத்துக்கு, ஒன்று நிறத்துக்கு. 1990-இல் போர்லாண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கல் 6-உடன் தந்த 'டர்போ விஷன்' இதை வைத்து ஓர் அருமையான காரியம் செய்தது. பெட்டியின் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் நிழல் விழும். நிழல் விழுந்த கட்டங்களில் எழுத்து அடிச் சாளரத்துடையது; இருட்டு மேல் சாளரத்துடையது. எழுத்துப் பைட்டைத் தொடாமல் நிறப் பைட்டை மட்டும் மாற்றினார்கள். ஒரு கட்டத்தில் ஒருவர்தான் குடியிருக்கலாம் என்ற சட்டத்தை மீறாமலே இரண்டு பேரை அங்கே வாழவைத்த தந்திரம் அது.

ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கு ஆங்கிலத்துக்கு வசதி. சீன எழுத்து இரண்டு கட்டம் எடுக்கும். பெட்டியின் விளிம்பு அதன் நட்ட நடுவே விழுந்தால்? பாதி எழுத்தைக் காட்ட முடியாது. மிஞ்சிய பாதியை வெற்றிடமாக விடுவதைத் தவிர வழியில்லை. தமிழில் சிக்கல் இன்னும் ஆழம். 'கெ' என்பதைக் கணினி க முதலிலும் கொம்பு பின்னாலுமாகத்தான் சேமிக்கிறது. திரையில் கொம்பு முன்னால் நிற்க வேண்டும். அந்தக் கொம்புக்குத் தனிக் கட்டம் உண்டா இல்லையா என்பதில் செயலி ஒரு கணக்கும் டெர்மினல் வேறொரு கணக்கும் வைத்திருந்தால், அந்த வரியில் மிச்சமெல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போகும். பெட்டியின் நேர்கோட்டு விளிம்பு வரிக்கு வரி பல்லைக் காட்டும். தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளை டெர்மினலில் பார்த்தவர்களுக்கு இந்தக் கோணல் பழக்கமானதுதான். இதைச் சரிசெய்வது நம் மொழிக்கு யாராவது செய்ய வேண்டிய உண்மையான தொண்டு.

இவ்வளவு பழைய வித்தைக்கு இன்றைக்கும் வேலை இருக்கிறது. விம், நியோவிம் எடிட்டர்களுக்கு 2019-இல்தான் மிதக்கும் சாளரங்கள் வந்தன, ஒரு டெர்மினலைப் பலவாகப் பிரித்துத் தரும் டீமக்ஸுக்கு 2021-இல்.

ஆனால் திரையில் என்ன இருக்கிறது என்று கர்ஸஸ் வைத்திருக்கும் அட்டவணை நம்பிக்கை மட்டுமே. அதே கணினியில் இன்னொருவர் உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பினால் அது நேரே உங்கள் திரையில் வந்து விழும், கர்ஸஸுக்குத் தெரியாமல். பெட்டியின் நடுவே அந்நிய வரி ஒன்று கிடக்கும்; கர்ஸஸ் அங்கே பெட்டியின் எழுத்துகள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். இருப்பதும் இருக்க வேண்டியதும் அதன் கணக்கில் ஒன்றாக இருப்பதால் ஒரு பைட்டும் அனுப்பாது. அதற்காகத்தான் பழைய செயலிகளில் கன்ட்ரோல்-எல் விசை. அதைத் தட்டினால் கர்ஸஸ் தன் நம்பிக்கையைத் தூக்கி எறிந்து, திரையை முழுக்கத் துடைத்துவிட்டு, 1,920 கட்டங்களையும் முதலிலிருந்து எழுதும். 300 பாட் காலத்தில் அதைத் தட்டியவர் 64 நொடி பொறுத்திருப்பார். பட்டியலும் அதன் நடுவே பெட்டியுமாக, வரி வரியாகத் திரை மேலிருந்து நிறைந்துகொண்டே வரும். பெட்டி மூடியிருக்கும் கோப்புப் பெயர்கள் மட்டும் அதில் வராது. அவை நினைவகத்தில், எஸ்கேப் விசைக்காகக் காத்திருக்கும்.