உங்களுக்குத் தெரியுமா? உபுண்டுவில் உறங்கும் ஃபயர்வால்

உபுண்டு லினக்ஸில் 'யுஎஃப்டபிள்யூ' என்ற ஃபயர்வால் 2008இல் வெளியான 8.04 பதிப்பிலிருந்தே கூடவே வருகிறது. ஆனால் அணைத்துத்தான் தருகிறார்கள்! கட்டளை தட்டச்சு செய்யத் தயங்குகிறவர்கள் 'ஜியுஎஃப்டபிள்யூ' என்ற சிறு செயலியை நிறுவிக்கொள்ளலாம். அதில் ஒரு பொத்தானைத் தள்ளினால் போதும்: உள்ளே வரும் இணைப்புகளுக்குத் தடை, வெளியே போகிறவற்றுக்கு அனுமதி.

திறக்கும்போதே அது பாஸ்வேர்டு கேட்கும். காரணம், பாக்கெட்டுகளை உண்மையில் வடிகட்டுவது கெர்னலுக்குள் இருக்கும் 'நெட்ஃபில்டர்'. அதன் விதிகளில் கைவைக்க நிர்வாகி உரிமை வேண்டும். கேட்கப்படுவது ரூட் பாஸ்வேர்டு என்று பலர் குழம்புவார்கள். உபுண்டுவில் ரூட் கணக்குக்குப் பாஸ்வேர்டே வைப்பதில்லை. நிறுவும்போது உருவாக்கிய முதல் கணக்குக்குத்தான் நிர்வாகி உரிமை. ஆகவே அந்தக் கணக்கின் பாஸ்வேர்டே போதும். வீட்டில் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கு கொடுத்திருந்தால், அவர்களால் ஃபயர்வாலை அணைக்க முடியாது.

விதிகள் கெர்னலில் இருப்பதால் செயலியை மூடிய பிறகும் தடை நீடிக்கும். மறுபடி கணினியைத் தொடங்கினாலும் அப்படியே.

ஒரு எச்சரிக்கை: தொலைவிலுள்ள கணினியை எஸ்எஸ்ஹெச் வழியாக இயக்குகிறவர்கள், ஃபயர்வாலைப் போடுவதற்கு முன் 22ஆம் போர்ட்டுக்கு அனுமதி கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை நுழைய முடியாது.