முதல் முறை பட்டுப்புழு வளர்க்கிறீர்களா? இவற்றைக் கவனியுங்கள்

மல்பெரி நட்டு சுமார் 6 மாதத்தில் தோட்டம் முதல் வளர்ப்புக்குத் தயாராகிவிடும். ஆனால் வளர்ப்பு மனையும் உங்கள் கையும் தயாரா என்பதைப் பார்த்த பிறகே புழுவுக்குச் சொல்லி வையுங்கள்.

ஆடு, கோழி பசித்தால் மேய்ந்துகொள்ளும். பட்டுப்புழு அப்படியல்ல. பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதர் கையிலேயே வளர்ந்த பூச்சி இது. இரை தேடிப் போகாது. இதன் அந்துப்பூச்சியால் பறக்கவும் முடியாது. இலை, காற்று, சுத்தம் எல்லாம் நீங்கள் கொடுப்பதுதான்.

எவ்வளவு வாங்கலாம்?

பொரித்தது முதல் இரண்டாம் தோலுரிப்பு வரையான இளம்புழுப் பருவத்துக்கு அதிகக் கவனிப்பு தேவை. புதியவர்கள் அந்தப் பருவம் முடிந்த புழுக்களை இளம்புழு வளர்ப்பு மையத்தில் வாங்குவதே நல்லது. ஒரு முட்டைத் தொகுதியில் சுமார் 400 முதல் 500 முட்டைகள் இருக்கும். தோட்டத்தில் இலை நிறைய இருந்தாலும் முதல் முறை 50 தொகுதிக்கு மேல் போக வேண்டாம்.

மனையைச் சுத்தம் செய்தல்

100 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ பிளீச்சிங் பவுடர், 300 கிராம் நீற்றிய சுண்ணாம்பு கலந்து சுவர், தரை, தாங்கி எல்லாம் நனையத் தெளியுங்கள். புழு வருவதற்கு நான்கைந்து நாட்களுக்கு முன்பே இதை முடித்து, பிறகு மனையைத் திறந்து காற்றாட விடுங்கள். ஊசி ஈ நுழையாமல் கதவு, ஜன்னலுக்கு நைலான் வலை அடியுங்கள். இந்த ஈ புழுவின் மேல் முட்டையிடும். அந்த இடத்தில் கறுப்புத் தழும்பு தெரியும். எறும்பு ஏறாமல் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

இலையில் எச்சரிக்கை

மருந்து பட்ட இலையைத் தின்றால் புழுக்கள் கூட்டமாகச் செத்துவிடும். உங்கள் தோட்டத்தில் மட்டும் மருந்து அடிக்காமல் இருந்தால் போதாது. பக்கத்து வயலில் அடிப்பது காற்றில் வந்து மல்பெரியில் படியும். புழு எடுக்கும் முன்பே பக்கத்து வயல்காரரிடம் பேசி வையுங்கள். புகையிலை வயலை ஒட்டிய மல்பெரியும் ஆபத்தானது. சந்தேகமான இலையை முதலில் சில புழுக்களுக்கு மட்டும் போட்டு, ஒரு நாள் பார்த்த பிறகு மற்றவற்றுக்குக் கொடுங்கள். இலையைக் காலை வெயில் ஏறும் முன் வெட்டி, ஈரச் சாக்கால் மூடி வையுங்கள்.

தோலுரிப்பும் தீனியும்

தலையைத் தூக்கியபடி அசையாமல் நிற்கும் புழு தோலுரிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது இலை போடாதீர்கள். படுக்கை உலரச் சுண்ணாம்புத் தூளை மெல்லத் தூவுங்கள். நூற்றுக்கு 95 புழுவாவது தோல் கழற்றி எழுந்த பிறகே அடுத்த தீனி. அவசரப்பட்டால் புழுக்கள் ஒரே அளவில் வளராது.

கடைசி வாரம்

மொத்த இலையில் 80 சதவீதத்துக்கு மேல் ஐந்தாம் பருவத்தில்தான் செலவாகும். நோய் கண்டால் இலை, கூலி, புழு வாங்கிய பணம் மூன்றும் போய்விடும். வெப்பம் 24 முதல் 26 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் அளவில் இருக்கட்டும், காற்றோட்டம் முக்கியம். உடல் வீங்கிப் பால் போல நீர் வடியும் புழுவையும், செத்துச் சுண்ணாம்புக்கட்டி போல விறைத்த புழுவையும் இடுக்கியால் எடுத்துச் சுண்ணாம்புடன் ஆழமாகப் புதையுங்கள். கோழிக்குப் போடவோ குப்பையில் எறியவோ கூடாது.

தீனியை விட்டு, உடல் கண்ணாடி போலத் தெளிந்து அலையும் புழுக்களை வலைத் தட்டில் விடுங்கள். வெண்கூடு என்றால் சுமார் 7 நாள் கழித்து எடுக்கலாம். ஒரு கூட்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே கூட்டுப்புழு பழுப்பு நிறமாகக் கெட்டிப்பட்டிருந்தால் அறுவடைக்குச் சரியான நேரம்.

முதல் வளர்ப்பு நன்றாக முடிந்தால் அடுத்த முறை 100 தொகுதி எடுக்கலாம். மனையைக் கழுவி மருந்து தெளிப்பதை மட்டும் எந்த முறையும் விட்டுவிடாதீர்கள்.