படம் போட்டால் டேட்டாபேஸ் ரெடி ஆகுமா? 'கெர்மெட்டா' காட்டிய வழி

சாஃப்ட்வேர் புராஜெக்ட் தொடங்கும்போது அழகாக ஒரு யூஎம்எல் படம் போடுவார்கள். 'கஸ்டமர்' ஒரு பெட்டி, 'ஆர்டர்' இன்னொரு பெட்டி, நடுவில் ஒரு கோடு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கோடிங் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். அந்தப் படத்தை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாங்க.

படத்திலிருந்தே டேபிள்களையும் கோடையும் ஒரு புரோகிராம் உருவாக்கித் தந்தால்? அதுதான் 'மாடல் டிரான்ஸ்ஃபர்மேஷன்'.

அது என்ன மெட்டா-லாங்குவேஜ்?

எந்த மாடலுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. 'கிளாஸ்' என்றால் என்ன, அதற்குள் என்னென்ன இருக்கலாம் என்று அது சொல்லும். அந்த இலக்கணத்தை எழுதும் மொழிதான் மெட்டா-லாங்குவேஜ். ஓஎம்ஜி அமைப்பின் 'மாஃப்' இதில் பிரபலம். ஆனால் மாஃபில் ஓர் ஆபரேஷனுக்குப் பெயர் வைக்கலாமே தவிர, அது ஓடும்போது என்ன நடக்கணும்னு எழுத இடமில்லை.

பிரான்ஸின் ரென் நகரில் உள்ள இன்ரியா ஆய்வாளர்கள் கை வைத்தது இங்கேதான். மாஃபின் சிறிய வடிவமான 'ஈமாஃப்' உடன் லூப், இஃப் கண்டிஷன், மெத்தட் பாடி எல்லாம் சேர்த்தார்கள். அதுதான் கெர்மெட்டா. இலக்கணம் எழுதும் அதே மொழியில் டிரான்ஸ்ஃபர்மேஷனையும் எழுதி ஓட்டலாம்.

ஜமைக்கா டெஸ்ட்

2005-ல் ஜமைக்காவின் மாண்டிகோ பேயில் 'மாடல்ஸ்' மாநாட்டையொட்டி ஒரு பயிலரங்கு நடந்தது. கலந்துகொண்ட எல்லோருக்கும் ஒரே கணக்கு: கிளாஸ் படத்தை டேட்டாபேஸ் டேபிள்களாக மாற்ற வேண்டும். கேட்க ஈஸிதான். ஆனால் 'ஆர்டர்' டேபிளில் 'கஸ்டமர்' டேபிளைக் காட்டும் ஃபாரின் கீ வேண்டுமே, கஸ்டமர் டேபிளே இன்னும் உருவாகலைன்னா? இரண்டும் ஒன்றையொன்று சுட்டினால், எதிலிருந்து ஆரம்பித்தாலும் மாட்டிக்கொள்ளும். அதனால் முதல் சுற்றில் வெறும் டேபிள்கள், அடுத்து காலம்கள், கடைசியில் ஃபாரின் கீ. ஜாவா தெரிந்தவருக்கு இது பழகிய வேலை.

'ஏடிஎல்' போன்ற ரூல் அடிப்படை மொழிகளில் இந்த வரிசையை இன்ஜினே பார்த்துக்கொள்ளும். கெர்மெட்டாவில் எந்த கிளாஸிலிருந்து எந்த டேபிள் வந்தது என்ற கணக்கையும் நாமே வைத்திருக்கணும். கொஞ்சம் இழுவைதான். ஆனால் டிரான்ஸ்ஃபர்மேஷனில் ஒரு பிழை நுழைந்தால், அது உருவாக்கும் எல்லா டேபிளிலும் அதே பிழை இருக்கும். அதைப் பிடிக்க டைப் செக்கிங், யூனிட் டெஸ்ட் போன்ற பழைய ஆயுதங்கள் கையில் இருந்தால், கூடுதலாக நாற்பது வரி எழுதுவது பெரிய விலை இல்லை.

கெர்மெட்டா ஐடி கம்பெனிகளில் வீட்டுப் பெயராக ஆகவில்லை. பின்னாளில் ஸ்காலாவுக்கும், அடுத்து எக்ஸ்டெண்டுக்கும் மாறியது. அந்த மூன்றாவது வடிவத்தை 'ஜெமோக் ஸ்டூடியோ'வில் பார்க்கலாம்.