விருந்தும் மருந்தும்

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. எத்துணை இனிய விருந்தினராயினும் நாள் மிகுந்தால் சுவை குன்றும். எத்துணை நல்ல மருந்தாயினும் அளவு மிகுந்தால் பயன் குன்றும் என்பது அதன் கருத்து. இல்லறத்தார்க்கெனக் கூறப்பட்ட இவ்விதி தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களுக்கும் நன்கு பொருந்துகிறது.

வாரந்தோறும் இல்லந்தேடி வரும் நகைச்சுவைத் தொடர்களில் பாத்திரங்கள் இருவகைப்படுவர். ஒருவகையினர் அத்தொடரின் வீட்டார். ஒவ்வொரு வாரமும் தோன்றுபவர் அவர்களே. மற்றொருவகையினர் விருந்தினர். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து, அரைமணி நேரம் இருந்து, விடைபெற்றுச் செல்வர். ஆயினும், அவர்கள் வாயிலில் தோன்றியதும் பார்ப்போர் முகம் மலர்கின்றது. வீட்டாரின் குணமும் குறும்பும் பழகிப்போனவை. விருந்தினர் வரும்போதோ பழகிய வீடே புதிதாகத் தோன்றுகின்றது. விருந்தினரே மருந்தாகவும் அமைந்துவிடுவதும் உண்டு. அதற்குச் சிறந்த சான்றாகக் கொள்ளத்தக்கது ‘மாஷ்’ என்னும் அமெரிக்கத் தொடர்.

‘மாஷ்’ என்பது நடமாடும் இராணுவச் சத்திரசிகிச்சை வைத்தியசாலையைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளாலான சொல். றிச்சர்ட் ஹூக்கர் என்னும் புனைபெயரில் 1968ஆம் ஆண்டு வெளிவந்த நாவலொன்று, 1970இல் திரைப்படமாகி, 1972இல் தொலைக்காட்சித் தொடராயிற்று. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரே அதன் களம். மூன்றாண்டுப் போரைப் பற்றிய தொடர் 1983 வரை பதினொரு பருவங்கள் நீடித்தது. முன்னரங்கிற்கு அண்மையில் கூடாரமிட்டிருக்கும் வைத்தியர்களும் தாதியரும் இரவுபகலாகக் காயமுற்றோரைத் தைத்துச் சீராக்குகின்றனர். ஓய்வு கிடைக்கும்போது குடிக்கின்றனர், குறும்பு செய்கின்றனர், ஒருவரையொருவர் கேலி செய்கின்றனர். சிரிப்பு அவர்களுக்குப் பொழுதுபோக்கன்று. சித்தம் கலங்காமற் காக்கும் கவசம்.

இவ்வியல்பைத் தயாரிப்பாளர்கள் நன்கறிந்திருந்தனர். அக்கால வழக்கப்படி, பதிவுசெய்த சிரிப்பொலியைத் தொடரிற் சேர்த்தல் வேண்டுமென ஒளிபரப்பு நிறுவனத்தார் வற்புறுத்தினர். தயாரிப்பாளர்கள் அதனை விரும்பவில்லை. ஈற்றில், சத்திரசிகிச்சைக் கூடத்துக் காட்சிகளிலேனும் அவ்வொலி கேட்கலாகாது என்ற உடன்பாடு ஏற்பட்டது. பிரித்தானியாவில் பி.பி.சி. நிறுவனம் இத்தொடரைச் சிரிப்பொலியின்றியே ஒளிபரப்பியது.

இம்முகாமிற்கு வந்துபோகும் விருந்தினருள் இருவர் மறக்கவொண்ணாதவர். ஒருவர் கேணல் பிளாக். எட்வேட் வின்டர் என்பார் நடித்த பாத்திரம். அவர் ஓர் உளவு அதிகாரி. எவரையும் ஐயுறுபவர், நிழலிலும் பகைவனைக் காண்பவர். அதிகாரம் அறிவைத் துறந்தால் எவ்வாறிருக்கும் என்பதற்கு அவர் ஓர் உருவம். மற்றையவர் மேஜர் சிட்னி பிரீட்மன். உளநோய் வைத்தியரான இவர், பதினொரு பருவங்களிலும் தோன்றிய நிகழ்ச்சிகள் பன்னிரண்டே.

பிரீட்மனாக நடித்தவர் அலன் ஆபஸ். 1918இற் பிறந்து 2013இல் மறைந்த அவர், நெடுங்காலம் புகைப்படக் கலைஞராகத் தொழில் புரிந்து, நடுவயதிலேயே நடிப்பை வாழ்வாகக் கொண்டவர். 1973இல் அப்பாத்திரம் முதன்முறை தோன்றியபோது அதன் பெயர் மில்டன். பின்னரே சிட்னி என்றாயிற்று. கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் பொறுமையை ஆபஸ் அத்துணை இயல்பாகக் காட்டினார். தொடரின் தலைமை நடிகரான அலன் அல்டா, அவரை மெய்யாகவே உளநோய் வைத்தியரெனக் கருதி, காட்சிகளுக்கிடையே அவரோடு அமர்ந்து மனம்விட்டு உரையாடியதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

1975இல் ஒளிபரப்பான ஒரு நிகழ்ச்சியில் இவ்விரு விருந்தினரும் நேருக்குநேர் சந்திக்கின்றனர். பலமுறை குண்டு வீசிய சாண்ட்லர் என்னும் விமானப்படைக் கப்டன் காயமுற்று முகாமிற்குக் கொண்டுவரப்படுகிறார். தம்மை இயேசு கிறிஸ்து என்கிறார் அவர். போருக்குத் திரும்பாதிருக்க அவர் நடிக்கிறார் என்பது பிளாக்கின் துணிபு. பிரீட்மனோ அருகில் அமர்ந்து, அமைதியாகப் பேசி, அமைதியாகக் கேட்கிறார். இம்மனிதர் கிறிஸ்து அல்லர். ஆனால் இனி அந்தக் குண்டுவீச்சாளரும் அல்லர். தம்மால் இறந்தோரின் பாரத்தைத் தாங்கவியலாது உள்ளம் வேறோர் உருவிற் புகலடைந்துவிட்டது என்பது அவர் கண்ட உண்மை. ஒரே நோயாளியை இரு விருந்தினர் நோக்குகின்றனர். ஒருவர் கண்ணுக்குக் குற்றவாளி, மற்றவர் கண்ணுக்குக் காயமுற்றவர்.

முகாமின் வீட்டாருள் ஒருவர் இதனைச் செய்திருக்கலாகாதோ எனின், எளிதன்று. அவர்கள் ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒரே துயரைச் சுமப்பவர்கள். ஒருவன் அழத் தொடங்கின் ஏனையோரும் நிலைகுலைவர். ஆதலின் எவரும் அழுவதில்லை. பிரீட்மன் சீட்டாட வருகிறார். அவர்தம் நகைச்சுவையில் மகிழ்ந்து கலந்துகொள்கிறார். ஆயினும் அதனடியில் ஒலிக்கும் வேறு குரலையும் கேட்கிறார். நாளை அவர் புறப்பட்டுவிடுவார் என்பதே பிறரின் நாவைத் திறக்கிறது. வீட்டாரிடம் கூறக் கூசுவதை விருந்தினரிடம் கூறிவிடுதல் மனித இயல்பன்றோ? அவர் நாள்தோறும் அங்கிருந்திருப்பின் கூடாரம் ஆலோசனைக் கூடமாகியிருக்கும். நகைச்சுவை நாடகம் நோயாளர் குறிப்பேடாகியிருக்கும்.

மருந்தளிப்பவர்க்கும் நோயுண்டு என்பதையும் இத்தொடர் மறைக்கவில்லை. 1976இல் வெளிவந்த நிகழ்ச்சியொன்றில், தம் நோயாளி ஒருவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டமையால் பிரீட்மன் சோர்வுற்று முகாமிற்கு வருகிறார். சீட்டாட வந்ததாகச் சொல்லித் தங்கிவிடுகிறார். உளப்பகுப்பாய்வின் தந்தையாகிய சிக்மண்ட் புரொய்ட் பல்லாண்டுகளுக்கு முன்னரே காலமானவர். ஆயினும் அவருக்கே கடிதம் எழுதத் தொடங்குகிறார். தாம் காப்பாற்ற வந்தவர்களின் குறும்புகளைக் கண்டும் எழுதியும் மெல்ல மனந்தேறுகிறார். அன்று முகாமே வைத்தியர், பிரீட்மனே நோயாளி.

1977இல் ஒளிபரப்பான நிகழ்ச்சி இன்னும் கடுமையான வினாவை எழுப்புகிறது. பிரீட்மனால் குணமாக்கப்பட்டு முன்னரங்கிற்குத் திருப்பியனுப்பப்பட்ட படைவீரன் ஒருவன், அங்கே காயமுற்று, அவர்மீது சினங்கொள்கிறான். அச்சினத்தில் நியாயம் இல்லையென்று கூறவியலாது. போர்க்கால உளநோய் வைத்தியரின் வெற்றி எது? குணமடைந்தவன் மீண்டும் துப்பாக்கி முன் நிற்கவேண்டும். நோயைத் தந்த இடத்திற்கே நோயாளியை அனுப்புவது வைத்தியமாகுமா? நகைச்சுவைத் தொடரொன்று இவ்வினாவை எழுப்பி, எளிதான விடையெதுவும் கூறாது விட்டமை பாராட்டத்தக்கது.

1983ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி இரண்டரை மணி நேர நிறைவு நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. அமெரிக்காவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் அதனைக் கண்டனர். ஓயாது சிரிப்பூட்டிய தலைமை வைத்தியர் ஹோக்கை, அதில் உளநோய் வைத்தியசாலையில் இருக்கிறார். பகைவரிடமிருந்து மறைந்திருந்த பேருந்தில், அகதிப் பெண்ணொருத்தி ஒலியெழுப்பிய கோழியின் மூச்சை அடக்கியதாக அவர் நினைவுகூர்கிறார். பிரீட்மன் அவசரப்படுத்தவில்லை, மீண்டும் மீண்டும் அப்பேருந்திற்கே அவரை அழைத்துச் செல்கிறார். அது கோழியன்று, அவளுடைய குழந்தை என்பதும், ஒலியை அடக்குமாறு இரைந்தவர் தாமே என்பதும் ஈற்றில் வெளிப்படுகின்றன. பின்னர் பிரீட்மன் தம் நண்பரை அதே முகாமிற்குத் திருப்பியனுப்புகிறார். 1977இன் வினா இப்போது நண்பருக்கும் உரியதாகிறது.

அதுகாறும் கவசமாயிருந்த சிரிப்பை ஹோக்கை கழற்றிவைத்தது வீட்டாருள் எவர் முன்னிலையிலுமன்று. எப்போதோ வந்துபோகும் அவ்விருந்தினர் முன்னிலையிலேயே. பன்னிரண்டே முறை வந்தவரை இன்றும் மக்கள் நினைவுகூர்வதற்கு அதுவே காரணம். அளவறிந்து வந்தார்; வேண்டியபோது அளித்தார்; விடைபெற்றுச் சென்றார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற முன்னோர் மொழி, அயல்நாட்டு நாடகமொன்றிலும் தன் மெய்ம்மையை நிலைநாட்டிக்கொண்டது.