அன்றாடச் சிறு பழக்கங்களும் சுய வளர்ச்சிக்கான நேரமும்

பழக்கம் என்பது, ஒவ்வொரு முறையும் யோசித்து முடிவெடுக்காமல், ஓர் இடமோ நேரமோ வேறொரு வேலையோ நினைவூட்டியதும் தானாக நடந்துவிடும் செயல். வாசல் தெளித்துக் கோலம் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் விடியற்காலையில் எழும் பெண்கள் "இன்று கோலம் போடலாமா வேண்டாமா" என்று தமக்குள் விவாதம் நடத்துவதில்லை. வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்ததும் கை கோலமாவுக் கிண்ணத்துக்குப் போய்விடுகிறது. தண்ணீர் தெளிப்பதுதான் அங்கே நினைவூட்டல். அவசரமான நாளில் நாலு புள்ளிக் கோலம், மார்கழியில் வாசலை அடைக்கும் கோலம். அளவு மாறும், செயல் நிற்காது.

வாசிப்பு, எழுத்து, உடற்பயிற்சி, புதிய மொழி கற்றல் போன்றவற்றையும் இதே வழியில் அன்றாடத்துக்குள் கொண்டுவர முடியும். அதற்கு எவ்வளவு காலம் ஆகும், எந்த அளவில் தொடங்குவது, நேரமே இல்லாதவர்கள் என்ன செய்வது என்பவற்றை இங்கே பார்ப்போம்.

21 நாள் என்ற கணக்கு

எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பள்ளிகளுக்கு வரும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. இந்த எண் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960இல் எழுதிய நூலிலிருந்து பரவியது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்பது அவர் கண்டது. வாய்வழியாகப் பரவியபோது "குறைந்தது" என்ற சொல் உதிர்ந்துபோய், முகத்தைப் பற்றிச் சொன்னது எல்லாப் பழக்கத்துக்கும் பொருந்தும் விதியாகிவிட்டது.

இதை உண்மையிலேயே அளந்து பார்த்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியவர்களும். 96 தன்னார்வலர்கள் ஆளுக்கொரு சிறு செயலைத் தேர்ந்தெடுத்து, அதை அன்றாடம் நடக்கும் ஏதாவது ஒன்றோடு சேர்த்து 84 நாட்கள் செய்துவந்தார்கள். காலை உணவுக்குப் பிறகு ஒரு குவளை தண்ணீர் குடிப்பது போன்ற செயல்கள். யோசிக்காமலே அது நடக்கிறதா என்று நாள்தோறும் பதிவு செய்தார்கள். 2010இல் இதழில் அச்சான அந்த ஆய்வின்படி, பழக்கம் படிய ஆன காலம் சராசரியாக 66 நாள். ஆனால் சராசரியைவிட வீச்சுதான் முக்கியம் என்பது என் எண்ணம். ஒருவருக்கு 18 நாள் போதுமாக இருந்தது. இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி அதிக நாள் பிடித்தது. ஆகவே 22ஆம் நாள் காலையில் எழுந்திருக்க முடியாத மாணவன் தன்னைச் சோம்பேறி என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மாதம் 2000 கஜம் நூல்

ஒரு சிறு பழக்கத்தை ஆயிரக்கணக்கானவர்களிடம் ஒரே சமயத்தில் கொண்டுவர முயன்ற நிகழ்ச்சி நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. 1924ஆம் ஆண்டு காந்தியடிகள், காங்கிரஸ் பொறுப்பாளர்கள் நாள்தோறும் அரை மணி நேரமாவது நூற்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் தலைமை வகித்த பெல்காம் மாநாட்டில், மாதம் 2000 கஜம் நூல் கொடுப்பதே காங்கிரஸ் உறுப்பினராவதற்கான சந்தா என்று ஆக்கப்பட்டது. 2000 கஜத்தை 30 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 67 கஜம். ராட்டையில் பழகிய கைக்கு அரை மணிக்குள் முடிகிற வேலை.

அளவு சிறியது, கண்ணால் பார்க்கக்கூடியது, எண்ணக்கூடியது. "நாட்டுக்கு உழையுங்கள்" என்பதைவிட "67 கஜம்" தெளிவானது. ஆனாலும் அந்த விதி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. தானே நூற்க விருப்பமில்லாதவர் பிறர் நூற்ற நூலைக் கொடுக்கலாம் என்று இடம் விட்டிருந்ததால், விலைக்கு வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு. கட்சிக்குள்ளேயே எதிர்ப்பும் இருந்தது. 1925 செப்டம்பரில் பாட்னாவில் நூல் சந்தா கட்டாயம் இல்லை, நாலணா கொடுத்தாலும் போதும் என்று மாற்றினார்கள். நூற்பில் உண்மையான ஈடுபாடு உள்ளவர்களுக்காக அகில இந்திய நூற்போர் சங்கம் தனியே அமைந்தது.

விதி போனபின்னும் காந்தியடிகளின் சொந்த நூற்பு நிற்கவில்லை. சிறையிலும் பயணத்திலும் நூற்றார். எரவாடா சிறையில் இருந்தபோது உருவான பெட்டி ராட்டையை நினைத்துப் பாருங்கள். மூடினால் கையில் எடுத்துச்செல்லும் சிறு பெட்டி, திறந்தால் ராட்டை. வெளியூரில் இருக்கிறோம், கருவி இல்லை என்ற சாக்குக்கே அது இடம் வைக்கவில்லை. மாதக் கடைசியில் கணக்குக் காட்டுவதற்காகச் செய்தவர்களிடம் நிற்காத பழக்கம், தன் நாளுக்குள் அதற்கு ஓர் இடத்தையும் கைக்கெட்டும் கருவியையும் வைத்துக்கொண்டவரிடம் நின்றது. வீட்டுப்பாடக் கையெழுத்துக்காகவே காப்பி நோட்டு எழுதும் பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகப் பார்த்தவன் என்பதால், இந்த வேறுபாடு எனக்குப் புதிதாகப் படவில்லை.

எங்கள் மாவட்டத்தில் இந்த நூற்பு மரபின் தடம் இன்னும் இருக்கிறது. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சின்னாளபட்டி அருகில், டாக்டர் சௌந்திரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம், கைத்தொழில் வழியே கல்வி என்ற காந்தியக் கருத்தில் எழுந்தது. நாங்கள் தொடக்கப் பள்ளியில் படித்த காலத்தில் தக்ளி சுற்றத் தெரியாத பிள்ளை குறைவு. நூல் அறுந்துபோனால் வாத்தியார் திட்டமாட்டார். "ஒட்டிட்டுச் சுத்து" என்பார், அவ்வளவுதான்.

நேரம் எங்கே இருக்கிறது

சுய வளர்ச்சி பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் காலை 5 மணிக்கு எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கின்றன. ஆனால் எங்கள் சமவெளியில் 5 மணி ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் எழுதப்பட்ட நேரம். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை மொட்டு விரிவதற்குள் பறித்துச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகளில் ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் விழித்திருந்த நேரத்தில் மறுவாரம் தூங்க வேண்டும். அவர்களிடம் "நேரம் ஒதுக்குங்கள்" என்று சொல்வது எளிது.

நானும் அப்படிச் சொன்னவன்தான். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி அடிக்கடி முதல் மணி தாண்டி வருவாள். ஒருநாள், "காலையில அரை மணி நேரம் படிக்கக்கூடவா உனக்கு முடியல?" என்று கடிந்துகொண்டேன். அவள் மெதுவாக, "காலையில பூவெடுக்கப் போயிருவேன் சார்" என்றாள். அதற்குமேல் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் ஆங்கிலச் சொற்கள் பத்தையும் பிழையில்லாமல் சொன்னாள். எப்படிப் படித்தாய் என்றேன். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் சொற்களை எழுதி மடித்து வைத்துக்கொள்வாளாம். நிரைக்கு நிரை நகரும்போது ஒருமுறை பார்த்துக்கொள்வாளாம். "பூப்பறிக்கக் கைதான் வேணும் சார், வாய் சும்மாதான இருக்கு" என்றாள்.

படிக்கும் பிள்ளைகள் வேலைக்குப் போவதை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவள் விடியற்காலையில் தூங்கியிருக்க வேண்டிய பிள்ளை. ஆனால் நேரத்தைப் பற்றி நான் அறிந்திருந்ததைவிட அவள் சரியாக அறிந்திருந்தாள். முழுதாக ஓய்ந்த நேரத்தை அவள் தேடவில்லை. ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலைக்குள் சும்மா இருந்த பகுதி எது என்று பார்த்தாள்.

உங்கள் நாளிலும் அப்படிப் பார்க்கலாம். ஒரே ஒருநாள், எழுந்தது முதல் படுப்பதுவரை, அரை மணிக்கு ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். பஸ்ஸில் போகும் நேரம், அரிசி வேகக் காத்திருக்கும் நேரம், கைப்பேசியில் விரல் தானாக நகர்ந்த நேரம் எல்லாம் தாளில் வந்துவிடும். அதில் கைக்கு வேலையும் வாய்க்கு ஓய்வும் உள்ள நேரம் எது, இரண்டுக்கும் ஓய்வுள்ள நேரம் எது என்று பிரித்தால் போதும். பின்னதில் வாசிக்கலாம், முன்னதில் மனப்பாடம் செய்யலாம் அல்லது பாடம் கேட்கலாம். நினைவூட்டலாக எதை வைப்பது என்பதில் கொஞ்சம் கவனம் தேவை. நாள் தவறாமல் நடப்பதாக அது இருக்க வேண்டும். "குழாயில் தண்ணீர் பிடித்து முடித்ததும் படிப்பேன்" என்று எங்கள் ஊரில் ஒருவர் முடிவு செய்தால், எத்தனை நாளைக்கு ஒருமுறை படிப்பார் என்பது குழாயின் கையில்தான் இருக்கிறது.

சில வேளைகளில் கற்றுக்கொள்வதே நேரத்தை உண்டாக்கித் தரும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம் இதற்கு நல்ல சான்று. கல் உடைத்தும் வயலில் உழைத்தும் வந்த பெண்கள், வேலையும் சமையலும் முடிந்த இரவில் வந்து எழுத்துப் படித்தார்கள். பகலில் வகுப்பு வைத்திருந்தால் யாரும் வந்திருக்க முடியாது. அந்த இயக்கத்தோடு சேர்த்து, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரமும் குடம் சுமந்து நடந்த நேரமும் அதனால் குறைந்தன.

இதையும் சொல்லிவிட வேண்டும். நேரம் இல்லை என்பது சிலருக்குச் சாக்கு, சிலருக்கு உண்மை. கைக்குழந்தையும் படுக்கையில் கிடக்கும் மாமியாருமாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு வேண்டியது நேர மேலாண்மைப் புத்தகம் அல்ல. வீட்டில் இன்னொருவர் எழுந்து பாத்திரம் கழுவினால் அவளுக்கு இருபது நிமிடம் கிடைக்கும்.

விட்டுப்போன நாள்

பழக்கம் முறிவது முதல் தவறலில் அல்ல, அதற்குப் பிறகு வரும் நாளில். ஒருநாள் தவறினால் பழக்கம் படிவது பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை என்று லாலி குழுவின் ஆய்விலும் தெரிந்தது. ஆனால் நம்மில் பலர், ஒருநாள் விட்டதும் "சரி, அடுத்த ஒண்ணாந்தேதியிலிருந்து" என்று தள்ளிவைக்கிறோம். தை முதல் நாளும் பிறந்தநாளும் இதற்கு நன்றாகப் பயன்படுகின்றன.

என் கதை இதுதான். ஓய்வு பெற்ற மறுமாதம் பெரிய அட்டவணை ஒன்று போட்டேன். நாலரைக்கு எழுவது, மலைக்கோட்டை அடிவாரம்வரை நடை, ஒரு மணி நேரம் இலக்கணம், ஒரு மணி நேரம் கணினி. ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் சளி பிடித்தது. அட்டவணை மேசைக் கண்ணாடிக்கடியிலேயே மங்கிப்போனது.

பிறகு அந்த மாணவியின் நாட்காட்டித் தாள் நினைவுக்கு வந்தது. அவளைப் பார்த்துத்தான் முன்பு வகுப்பிலும் அதைச் செய்தோம். காலையில் நேற்றைய தாளைக் கிழித்து, பின்புறத்தில் ஒரு புதுச் சொல்லும் அதை வைத்து ஒரு வாக்கியமும் எழுதி, துளையிட்டு நூலில் கோப்பது. விடுமுறை முடிந்து வரும்போது கிழிக்காத தாள்கள் சேர்ந்திருக்கும். விட்டுப்போன எல்லாவற்றுக்கும் எழுதச் சொன்னால் பிள்ளைகள் அன்றோடு நிறுத்திவிடுவார்கள் என்பது சில வாரங்களில் புரிந்தது. அதனால் சேர்ந்த தாள்களை மொத்தமாகக் கிழித்து வெறுமையாகவே கோத்துவிடுவோம், அன்றைய ஒரு தாளில் மட்டும் எழுதுவோம். ஆண்டு முடிவில் கையில் இருந்த கட்டில் எழுதியதும் எழுதாததும் கலந்தே இருந்தன. பிள்ளைகள் எழுதியதைத்தான் எண்ணினார்கள்.

இப்போது காலையில் காப்பி டம்ளரைக் கீழே வைத்ததும் நாட்காட்டியில் தாள் கிழித்து, ஐந்து வரி எழுதுகிறேன். ஐந்துக்கு மேல் வந்தால் நோட்டுக்கு மாறிக்கொள்வேன். இக்கட்டுரையின் முதல் வரைவு அப்படித்தான் மூன்று வாரத்தில் சேர்ந்தது. இடையில் பேரன் வந்திருந்த நான்கு நாளும் தாள்கள் வெறுமையாக இருக்கின்றன. ஒன்றில் மட்டும் அவன் ஒரு யானை வரைந்து வைத்திருக்கிறான்.