கள்ளத்தைக் காட்டிக்கொடுத்த வெள்ளை

பிள்ளைகளே, ஒரு படத்துக்கு எவ்வளவு காசு கொடுக்கலாம்? 2017 நவம்பரில் நியூயோர்க்கில் நடந்த ஏலத்தில், லியனார்டோ டா வின்சியின் கைவண்ணம் என்று சொல்லப்படும் ‘சல்வேட்டர் முண்டி’ ஓவியம் 45 கோடி டொலருக்கு விலைபோனது. ஏலத்தில் வேறெந்த ஓவியமும் இந்த விலையைத் தொட்டதில்லை. 1958இல் இலண்டனில் இதே படத்தை விற்றபோது கிடைத்தது வெறும் 45 பவுண். அது லியனார்டோ வரைந்ததல்ல என்று அப்போது நினைத்தார்கள்.

நம் அயலிலும் ஒரு சாதனை உண்டு. எம்.எஃப். ஹுசைன் 1954இல் வரைந்த ‘கிராம் யாத்ரா’ ஏறக்குறைய 14 அடி நீளம். இந்தியக் கிராம வாழ்க்கையின் 13 காட்சிகள் அதில் இருக்கின்றன. அதை வாங்கிய வைத்தியர் நோர்வேக்குக் கொண்டுபோனார். பல பத்தாண்டுகள் அது ஒஸ்லோவில் ஒரு வைத்தியசாலையின் சுவரில் தொங்கியது. 2025 மார்ச்சில் அதன் விலை 1 கோடி 37 இலட்சம் டொலரைத் தாண்டியது. இந்திய நவீன ஓவியம் எதுவும் அதுவரை ஏலத்தில் அவ்வளவு விலை பெறவில்லை.

சீலையும் சாயமும் சில ஆயிரம் ரூபாய்தான் பெறும். மிச்சக் காசெல்லாம் ‘இதை வரைந்தவர் இன்னார்’ என்ற நம்பிக்கைக்குக் கொடுப்பது. காசு பெருகும் இடத்தில் கள்ளமும் நுழையும் அல்லவா?

2006இல் ஜேர்மனியில் ஒரு படம் 28 இலட்சம் யூரோவுக்கு மேல் விலைபோனது. சிவப்புப் படம், அதில் குதிரைகள். ஹைன்ரிச் காம்பென்டொங்க் என்ற ஓவியர் 1914இல் வரைந்ததாம். அவருடைய படங்களுக்கு அதுவரை கிடைத்த விலைகளில் அதுவே பெரியது. உண்மையில் அதை வரைந்தவர் வூல்ஃப்காங் பெல்ட்ராக்கி என்ற மோசடிக்காரர். ஆள் பலே கெட்டிக்காரர்! பழைய படங்களைத் தேடி வாங்கி, சாயத்தைச் சுரண்டிவிட்டு, அந்தச் சீலையிலேயே புதுப்படம் வரைவார். படத்தின் பின்புறத்தில் பழைய சேகரிப்பாளரின் பெயரில் போலி லேபிள் ஒட்டுவார். படங்கள் குடும்பச் சொத்து என்று நம்பவைக்க, தன் மனைவிக்கு அவருடைய பாட்டியைப் போல உடுத்தி, பழையது போன்ற புகைப்படமும் தயாரித்தார்.

இத்தனையும் செய்தவரைக் காட்டிக்கொடுத்தது ஒரு வெள்ளைச் சாயம். ஆய்வுகூடத்தில் படத்தைச் சோதித்தபோது அதில் டைட்டேனியம் வெள்ளை இருந்தது. முற்காலத்து ஓவியர்கள் ஈய வெள்ளையைப் பயன்படுத்தினார்கள், அது நஞ்சு. 19ஆம் நூற்றாண்டில் நாக வெள்ளை வந்தது. டைட்டேனியம் வெள்ளை தொழிற்சாலைகளில் இருந்து வெளிவரத் தொடங்கியதோ 1916க்குப் பிறகுதான். அப்படியானால் 1914இல் வரைந்த படத்துக்குள் அது எப்படி வந்தது? பெல்ட்ராக்கி வாங்கிய நாக வெள்ளைக் குழாயில் டைட்டேனியமும் கலந்திருந்தது. குழாயின் மேல் அதை எழுதவில்லை. 2011இல் அவருக்கு ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

சாயத்துக்குள் என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? படத்தின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சுவது ஒரு வழி. கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய சக்தியுள்ள இன்னொரு எக்ஸ் கதிரைத் திருப்பி அனுப்பும். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பை நீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்துப் பாடும் மீனைக் கேட்பார்களே, அதுபோல ஆளைப் பார்க்காமலே குரலை வைத்து அறிகிற வேலை இது. படத்தைச் சுரண்டத் தேவையில்லை.

இந்த டைட்டேனியம் நமக்கு அந்நியமல்ல. இலங்கையின் கிழக்குக் கரையில் சில இடங்களில் வெள்ளை மணலோடு கறுத்த மணல் கோடுகோடாகக் கிடக்கும். அதில் இல்மனைட் என்ற கனிமம் உண்டு. இரும்பு, டைட்டேனியம், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தது அது. சாதாரண மணலைவிடப் பாரம் கூடியதால், அலை மணலை இழுத்துக்கொண்டு போகும்போது இது கரையிலே தங்கிவிடும். புல்மோட்டையில் இதை அகழ்ந்து ஏற்றுமதி செய்கிறார்கள். நமது வாகரை, கதிரவெளிப் பக்கத்திலும் உண்டு. அங்கே அகழ வேண்டாம் என்று ஊரவர்கள் போராடிய செய்தியைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கறுத்த இல்மனைட்டிலிருந்து இரும்பையும் மற்ற அழுக்கையும் நீக்கினால் டைட்டேனியம் வெள்ளை எனும் தூய வெள்ளைத் தூள் கிடைக்கும். அது ஒளியைப் பலமாக வளைத்துச் சிதறடிப்பதால், மெல்லியதாகப் பூசினாலே அடியில் இருக்கும் நிறம் மறைந்துவிடும். வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ற், பல பற்பசைகள் எல்லாவற்றிலும் இருப்பது இதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். 1914ஆம் ஆண்டுப் படம் என்கிறார்கள், அதில் டைட்டேனியம் வெள்ளை இருக்கிறது. பின்னால் யாரும் திருத்திப் பூசியதும் இல்லை என்றால் அது போலி. ஆனால் டைட்டேனியம் இல்லை என்பதற்காக அது அசல் என்று ஆகிவிடாது. பொய்யைப் பிடிக்க ஒரு சான்று போதும். உண்மையென்று ஏற்கப் பல சான்றுகள் வேண்டும். படத்துக்கு மட்டுமல்ல, காதில் விழும் எந்தச் செய்திக்கும் இந்த விதியைப் போட்டுப் பாருங்கள்.